பள்ளியாசிரியரை நாடிச் சென்ற பல்கலைக்கழகம்



இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்தவர்கள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். பள்ளியாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பயிற்சி அளிப்பதற்காகப் பல்கலைக்கழகம் தன் மதிலைத் தாண்டி வெளியே செல்லும் விரிவுப்பணியைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தேன். அப்பணி இன்று நம் நாட்டில் எங்கும் நடைபெறுகிறது. அதற்கெனத் துறைகள் இருக்கின்றன, நிதி ஒதுக்கீடு இருக்கிறது, ஆண்டறிக்கையில் ஓர் அத்தியாயமும் இருக்கிறது. ஆயினும், மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் செய்யும் உபகாரம் என்ற பாவனையிலேயே அது பெரும்பாலும் நடைபெறுவதால், கொடுப்பவருக்கும் நிறைவில்லை, கொள்பவருக்கும் பயனில்லை. இந்தப் பாவனை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, பணியின் பிறப்பிலேயே இருந்ததன்று என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

1867-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள தொழில் நகரங்களிலே பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஜீவனம் நடத்திய மாதர்கள் பலர், தாங்கள் கற்பிக்க நேர்ந்த விஷயங்களைத் தாங்களே முறையாகக் கற்க வாய்க்கவில்லையே என்ற ஏக்கத்தால் ஒன்றுகூடிச் சங்கங்கள் அமைத்திருந்தார்கள். அச்சங்கங்களைப் பெருங்குழு ஒன்றாக இணைப்பதில் முன்னின்றவர்கள் ஆன் கிளஃப் அம்மையாரும் ஜோஸபின் பட்லர் அம்மையாரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்கு அடைத்தே கிடந்த காலம் அது. உள்ளே செல்ல இயலாத அவர்கள், உள்ளே இருந்த ஒருவரைத் தம்மிடம் வருமாறு அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்; ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; அப்போது அவருக்கு வயது 24.

அந்த ஆசிரியைகள் வேண்டிக்கொண்டது, கற்பிக்கும் கலையைப் பற்றி, அதாவது போதனா முறைகளைப் பற்றிச் சில பிரசங்கங்கள். ஸ்டூவர்ட் அதற்கு இணங்கவில்லை. போதிப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருப்பதைக் காட்டிலும், ஏதேனும் ஒரு சாஸ்திரத்தை எடுத்துக்கொண்டு அதை அவர்களுக்கே போதித்துக் காட்டுவது மேல் என்று சொல்லி, வான சாஸ்திரத்தைத் தேர்ந்துகொண்டு, லீட்ஸ், லிவர்பூல், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நான்கு நகரங்களுக்கும் ரயிலேறிச் சென்று, நகரம் ஒன்றுக்கு எட்டுப் பிரசங்கங்கள் வீதம் நிகழ்த்தினார்.

இந்த மறுப்பை மிகப் பெரிய காரியமாக நான் கருதுகிறேன். பல ஆண்டுகள் வகுப்பில் நின்று பாடம் சொல்லிப் பழகிய ஓர் ஆசிரியரிடம் வற்றிப்போவது போதனா முறையன்று. அது நாள்தோறும் பயன்படுவதால் தேய்ந்தாவது இருக்கும். வற்றிப்போவது, தெரியாத ஒன்றின் முன்னே நின்று திகைத்து, தட்டுத்தடுமாறி, முடிவில் அது துலங்கும்போது உண்டாகும் அந்த மகிழ்ச்சியின் நினைவு. அந்நினைவு அற்றுப்போன பின்பு, தன் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தை ஏன் விழிக்கிறது, எந்த இடத்தில் இடறுகிறது என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? கோள்களின் இயக்கத்தைப் பற்றி முதல் முறையாகக் கேட்டு, பாதி விளங்கி, மறு வாரம் வரையில் அந்த விளங்காத பாதியோடு நடமாடிய ஓர் ஆசிரியை, போதனையைப் பற்றிய எந்தப் பிரசங்கத்திலும் கிடைக்காத ஒன்றைப் பெற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்விகள் கேட்பதிலே ஒரு சங்கடம் எழுந்தது. இளைஞராகிய பிரசங்கியார் இளம்பெண்களை நேருக்கு நேர் வினவுவதும், அவர்கள் வாய்திறந்து விடை சொல்வதும் அக்காலத்து மரியாதைக்கு ஒவ்வாதனவாகக் கருதப்பட்டன. ஆகவே ஸ்டூவர்ட் வினாக்களை அச்சிட்டு வழங்கி, எழுதிய விடைகளைத் தபாலில் பெற்று, திருத்தித் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். பிரசங்கத்தின் சாரத்தைச் சுருக்கக் குறிப்பாக அச்சிட்டும் கையில் கொடுத்தார். சம்பிரதாயத்தின் நெருக்குதலால் பிறந்த இந்த ஏற்பாடு, நேரில் கேட்டிருந்தால் இரண்டொருவரே பேசியிருக்கக்கூடிய சபையில், ஒவ்வொருவருடைய சிந்தனையும் தனித்தனியே ஆசிரியரின் கைக்கு வந்து சேர வழி செய்தது.

ராச்டேல் என்னும் ஊரில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிடமாக உலகம் அறிந்த ஊர் அது. அங்கே தொழிலாளர்களுக்குப் பாடம் நடத்திய ஸ்டூவர்ட், ஒரு நாள் அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்ததால், சுவரில் மாட்டியிருந்த விளக்கப்படங்களை அடுத்த வாரம் வரையில் அப்படியே விட்டுவைக்குமாறு மண்டபக் காவலரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறு வாரம் அவர் வந்தபோது, இடையில் அந்த மண்டபத்தில் கூடிய உறுப்பினர்கள் படங்களைப் பார்த்துத் தமக்குள் விவாதித்ததையும், கேட்க வேண்டிய கேள்விகளோடு அன்று பிரசங்கத்துக்கு முன்னதாகவே வரப்போவதையும் காவலர் தெரிவித்தார். பிரசங்கத்தோடு சேர்ந்த வகுப்பு என்ற முறை, அதாவது பேசுபவரும் கேட்பவரும் சரிசமமாக அமர்ந்து ஆராயும் முறை, இவ்வாறுதான் உருவாயிற்று. 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவ்வேற்பாடுகள் அனைத்தையும் தன்னுடையனவாக ஏற்று, நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களில் தன் முதல் விரிவுப்பணி வகுப்புகளைத் தொடங்கிற்று. ஆன் கிளஃப் அம்மையார் 1871-இல் கேம்பிரிட்ஜுக்கே வந்து ஒரு வீட்டில் சில மாணவிகளை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். அதுவே நியூன்ஹாம் கல்லூரியாக வளர்ந்தது. பல்கலைக்கழகத்தை வெளியே அழைத்தவர்கள், சில ஆண்டுகளுக்குள் தாமே அதன் உள்ளே வந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் தேசத்தில் இதன் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, தாமே கற்பிக்காமல் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனங்களாகவே அமைந்தன. ஆகையால் பள்ளிக்கூடத்துக்குப் பல்கலைக்கழகம் அறிமுகமானது மெட்ரிகுலேஷன் வினாத்தாளின் உருவத்தில். உபாத்தியாயர் எதைக் கற்பிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அந்தத் தாள் நிர்ணயித்தது. அவர் பதிலுக்கு ஒரு சொல் சொல்லவும் வழியில்லாதிருந்தது. நூறாண்டுக் காலம் இப்படிப் பழகிய ஓர் உறவை ஒரு சுற்றறிக்கையால் மாற்றிவிட முடியாது என்பதை உணர்ந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லக்ஷ்மணசுவாமி முதலியார். 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவராயிருந்து அவர் அடுத்த ஆண்டில் அளித்த அறிக்கை, பயிற்சிக் கல்லூரிகள் பட்டம் அளிப்பதோடு நின்றுவிடாமல், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் தொடர்ந்து துணை நிற்க வேண்டுமென்று வற்புறுத்திற்று. 1955 முதல் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவுப்பணித் துறைகள் தோன்றலாயின. பின்னர் 1966-இல் வெளிவந்த கோத்தாரி கல்விக் குழுவின் அறிக்கை, ஆசிரியப் பயிற்சி நிலையங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்தும் பள்ளிகளின் அன்றாட வாழ்விலிருந்தும் ஒருங்கே ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துரைத்தது. இவ்விரு அறிக்கைகளையும் போற்றாத கல்வி மாநாடு இல்லை. ஆனால் அவை சொன்னதைச் செய்தே பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மத்தியப் பிரதேசத்தில் நர்மதை நதிக்கரையிலே ஹோஷங்காபாத் என்றொரு மாவட்டம். இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. 1972-இல் அம்மாவட்டத்தைச் சேர்ந்த 16 நடுநிலைப் பள்ளிகளில், விஞ்ஞானத்தைப் பரிசோதனை வாயிலாகவே கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. ரசூலியாவில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ மரபினர் நடத்திவந்த கிராமச் சேவை நிலையமும், கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. கிஷோர் பாரதியை அமைத்த அனில் சத்கோபால், பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்த உத்தியோகத்தைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர். விரைவிலேயே தில்லிப் பல்கலைக்கழகத்தின் பௌதிகம் முதலிய துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் பலர் இதில் ஈடுபட்டார்கள்; அவர்கள் களத்திலே தங்கிப் பணிபுரிவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு உதவித்தொகை வழங்கிற்று. ஆராய்ச்சிக் கூடத்துப் பேராசிரியர் ஒருவர், ஆறாம் வகுப்பு உபாத்தியாயரோடு மாதக்கணக்கில் பழகுவதும் பல்கலைக்கழகத்தின் காரியமே என்று ஒரு தேசிய ஸ்தாபனம் அன்று ஒப்புக்கொண்டதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

பயிற்சி எப்படி நடந்தது? கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரம். முதலாண்டு ஆறாம் வகுப்புப் பாடம், அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புப் பாடம், அதற்கடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பாடம். ஆசிரியர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து, தம் மாணவர்கள் பின்னர் செய்யப்போகும் ஒவ்வொரு பரிசோதனையையும் தாமே செய்து, கண்டதைக் குறித்து, பக்கத்துக் குழுவின் முடிவோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் வாதாடி, மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். ‘பால வைக்ஞானிக்’ என்ற அவர்களுடைய பாடநூலில் மனப்பாடம் செய்வதற்கான இலக்கணங்கள் இல்லை. செய்ய வேண்டியவையும் சிந்திக்க வேண்டிய கேள்விகளுமே இருந்தன. விடையை எதிர்பார்த்துப் பேராசிரியரின் முகத்தைப் பார்த்த உபாத்தியாயருக்கு, வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்பதே பதிலாகக் கிடைத்தது.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவைப் பிரித்து அதன் உறுப்புகளைப் பார்ப்பதற்கு ஊசி வேண்டும்; கிராமத்துப் பள்ளியில் அதற்கென ஊசி ஏது? கருவேல மரத்தின் முள் அதைவிட நன்றாகவே உதவிற்று. அதற்குப் பணமும் வேண்டியதில்லை, அலுவலகத்துக்கு விண்ணப்பமும் வேண்டியதில்லை. 1978-இல் இப்பணிக்கு வந்து சேர்ந்த பொறியியல் பட்டதாரி அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அவற்றில் செருகி, முக்கோணமும் சதுரமும் கனசதுரமும் செய்யும் முறையை உருவாக்கினார். முக்கோணம் எத்தனை அழுத்தினாலும் உருமாறாது. சதுரம் விரல் பட்டவுடன் சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணச் சட்டங்கள் இருப்பதன் காரணத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை தன் விரல் நுனியிலேயே உணர்ந்துவிடுகிறது.

இலைகளையும் வேர்களையும் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளியே போய்ச் செடிகளை வேரோடு கொண்டு வருகிறார்கள். நரம்புகள் வலைபோல் பின்னிய இலையையுடைய செடிக்கு ஆணிவேரும், நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இலையையுடைய புல்லுக்கும் நெல்லுக்கும் சல்லிவேரும் இருப்பதைத் தாமே அட்டவணையிட்டுக் கண்டுகொள்கிறார்கள். இதுவரையில் எல்லாம் சுகம். ஆனால் ஒரு பெண் எழுந்து சேம்பிலையை நீட்டினால் என்ன செய்வது? அதன் நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஆணிவேரோ அதற்கு இல்லை. பாடநூலை ஒப்பித்துப் பழகிய ஆசிரியர், அந்த இலையைத் தூரப் போடச் சொல்வார். கோடையிலே மூன்று வாரம் தாமே இப்படிப்பட்ட இலைகளோடு மல்லாடிய ஆசிரியரோ, விதிக்கு அடங்காத இந்தச் செடியை அட்டவணையில் எங்கே எழுதுவது என்று வகுப்பையே கேட்பார். இவ்விருவருக்கும் உள்ள வித்தியாசம் எந்தச் சான்றிதழிலும் தெரியாது. அதை உண்டாக்குவதற்குத்தான் பயிற்சி.

பயிற்சி கோடையோடு முடிந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தாரும் களப்பணியாளர்களும் வகுப்புகளுக்கே சென்று பார்த்தார்கள். மாதந்தோறும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, எந்தப் பரிசோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்று பேசினார்கள். அங்கே எழுந்த குறைகளைக் கொண்டு பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. பிள்ளைகள் தமக்குத் தோன்றிய எந்தச் சந்தேகத்தையும் சவாலிராம் என்ற கற்பனைப் பெரியவருக்குக் கடிதமாக எழுதலாம். விடை எழுதி அனுப்பும் பொறுப்பை விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஏற்றிருந்தார்கள். சில ஆண்டுகளில், முன்பு பயிற்சி பெற வந்த உபாத்தியாயர்களிற் பலர் பிறருக்குப் பயிற்சி அளிக்கும் கருத்தாளர்கள் ஆனார்கள். கல்வித் தலைமை என்று நாம் பெருமையாகப் பேசுவதை இதைவிடச் சிறந்த வழியில் உண்டாக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் அமர்த்தியபின் தலைமைப் பண்புகளை விளக்கிச் சொற்பொழிவாற்றுவதால் தலைவர் உருவாவதில்லை. தன் பள்ளியின் இடர்ப்பாட்டைச் சக ஆசிரியர்கள் முன்னிலையில் எடுத்துவைத்து, அதற்கு வழி கண்டு, அவ்வழி அயலூர்ப் பள்ளியிலும் பயன்படுவதைப் பார்த்தவரிடம் தலைமை தானே வந்து சேர்கிறது.

பரீட்சையைத் தொடாமல் இவ்வளவும் நிலைத்திருக்க முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விஞ்ஞானத் தாளை மாணவர்கள் தம் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு என்று மாநில அரசு இசைந்தது. 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் இம்முயற்சி விரிந்தபோது, பயிற்சிக்கு வரும் ஆசிரியரின் பயணப்படி முதல் பரிசோதனைப் பெட்டியை ஈடு செய்வது வரையில் கல்வித் துறையின் அன்றாட நிர்வாகத்திலே இது ஓர் அங்கமாயிற்று. 1982-இல் ஏகலவ்யா என்னும் ஸ்தாபனம் இதற்கெனவே அமைந்து, வேறு பல மாவட்டங்களுக்கும் எடுத்துச் சென்றது. முப்பது ஆண்டுகள் நடந்தபின், 2002-இல் மாநில அரசின் ஆணையால் இம்முயற்சி பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் இருக்க வேண்டும் என்ற நிர்வாக நோக்கை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதற்காக, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் தம் கைப்பட உருவாக்கிய ஒன்றை நிறுத்தியது தேசத்தின் கல்விக்கு நேர்ந்த நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

எனினும் அது வீண்போகவில்லை. அதிலே பழகியவர்களின் சிந்தனை, பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வரையில் சென்று சேர்ந்தது. தொடக்க நாட்களில் ஹோஷங்காபாத் முயற்சிக்குத் துணை நின்ற விஞ்ஞானிகளுள் யஷ்பாலும் ஒருவர். தில்லிப் பல்கலைக்கழகம் 1994-இல் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. ஆறாம் வகுப்பையும் அதற்குக் கீழுள்ள வகுப்புகளையும் பற்றிச் சிந்திப்பது பல்கலைக்கழகத்துக்கு அகௌரவமன்று என்ற எண்ணம் வேரூன்றிய இடத்தில்தான் அத்தகைய படிப்பு தோன்ற முடியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். நம்மிடம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன; வட்டார வள மையங்கள் உள்ளன; குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. பள்ளிக்கு மிக அருகில் இருப்பதற்காக இவை ஏற்பட்டது நல்லதே. ஆனால் இவை பல்கலைக்கழகத்துக்கு வெகு தொலைவில் நின்றுவிட்டன. பணியிடைப் பயிற்சி ஒன்றுக்குச் சென்ற ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும்: காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, மேலிடத்தில் தாம் கேட்டு வந்ததைக் கருத்தாளர் திரையில் காட்டி வாசிக்கிறார், அவருக்குக் கற்பித்தவரும் வேறொருவரிடம் கேட்டவரே, மாலையில் பின்னூட்டப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பின்னங்களை ஏன் பிள்ளைகள் இப்படித் தப்பும் தவறுமாகக் கூட்டுகிறார்கள் என்று கேட்பதற்காக அவர் தம் மாணவர்களின் நோட்டுப்புத்தகங்களைப் பையிலே கொண்டு போயிருந்தார். அந்தப் பையைத் திறக்க வேளை வாய்க்கவில்லை. அந்த நோட்டுப்புத்தகங்கள் ஒரு கணிதத் துறைப் பேராசிரியரின் கைக்குப் போயிருந்தால், 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளையின் மனத்திலே எண் என்பது என்னவாக இருக்கிறது என்ற, ஆராய்ச்சிக்கே உரிய கேள்வியொன்று அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் என் வேண்டுகோள்களை வைக்கிறேன். கல்வியியல் துறை மட்டுமன்றி, கணிதம், பௌதிகம், தாவரவியல், தமிழ், வரலாறு ஆகிய துறைகளின் பேராசிரியர்களும் ஆண்டுதோறும் சில வாரங்கள் பள்ளியாசிரியர்களோடு உட்கார வேண்டும். பாடத்தையே எடுத்துக்கொண்டு, சேர்ந்து செய்து, சேர்ந்து தவித்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு செலவிடும் காலத்தை விடுப்பாகக் கழிக்காமல் பணிக்காலமாகவே கணக்கிட்டு, பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் ஆய்வுக் கட்டுரைக்குச் சமமான இடத்தை அதற்கு அளிக்க வேண்டும். இது செய்யப்படாவிட்டால், நல்லெண்ணமுடைய இளைய பேராசிரியர் ஒருவர் தம் உயர்வைப் பலியிட்டே இப்பணியைச் செய்ய நேரும், அப்படிக் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. தலைமையாசிரியர்களையும் வட்டாரக் கல்வி அலுவலர்களையும் தனியே அழைத்து நிர்வாகப் பயிற்சி அளிப்பதோடு நில்லாமல், அவர்களுடைய ஆசிரியர்களோடு அதே அறையில், அதே பரிசோதனையைச் செய்யவைக்க வேண்டும். தாம் செய்து பார்த்ததை வகுப்பில் ஆசிரியர் செய்யும்போது, சத்தமாக இருக்கிறதென்று அவர்கள் கதவைத் தட்டமாட்டார்கள்.

முதல் தொகுதியாக எத்தனை பள்ளிகளை எடுத்துக்கொள்வது என்று இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் அவர்கள், மேடைக்கு வருமுன் என்னைக் கேட்டார்கள். ஹோஷங்காபாத்தில் 16 பள்ளிகளோடு தொடங்கினார்கள். இப்பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய நடுநிலைப் பள்ளிகளின் பட்டியலைக் கல்வியியல் துறையினர் இந்த வாரத்திலேயே தயாரித்துவிடலாம். வரும் கோடை விடுமுறைக்கு முன்னதாக, அப்பள்ளிகளின் ஆசிரியர்களிடம் சென்று, அவர்களுக்கு எது கடினமாயிருக்கிறது என்று கேட்டு வரும் வேலையை எனக்கும் பகிர்ந்தளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.